ஒரே அளவு, வேறு மரை

அந்த ஆஸ்பத்திரியின் பராமரிப்புப் பிரிவில் அவருக்குப் பேர் 'கேஜ் அண்ணன்'. பெற்றவர்கள் வைத்த பேர் அடையாள அட்டையோடு சரி. குழாயின் வாயை விரலால் ஒரு தடவு தடவினால் போதும், அரை இஞ்சா, முக்கால் இஞ்சா, திருகு மரை தேய்ந்திருக்கிறதா, தாங்குமா என்று சொல்லிவிடுவார். மற்றவர்கள் அளவு பார்க்கும் கேஜ் கருவியைத் தேடி இழுப்பறையைக் குடைந்துகொண்டிருக்கும்போது இவர் வேலையை முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டிருப்பார். முப்பத்தொரு வருஷம் இப்படியே ஓடியது. மனுஷனுக்குத் தலைக்கனம் ஏறாமல் இருக்குமா? ஏறத்தான் செய்தது. ஆனால் அவர் போட்ட இணைப்பு ஒன்றுகூட ஒழுகியதில்லை என்பதால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அவருக்குக் கீழே வேலை பார்த்தவர் அவருடைய தங்கை புருஷன். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் இவர்தான் சொல்லி வேலையில் சேர்த்துவிட்டார். மாப்பிள்ளை நேர் எதிர் ரகம். புதிதாக எந்தச் சாமான் வந்தாலும் பெட்டிக்குள் இருக்கும் காகிதத்தை வரி விடாமல் வாசிப்பார். வாசித்த பிறகு மடித்துப் பத்திரப்படுத்துவார். ஒரு வாஷர் மாற்றக்கூட இவருக்கு நல்ல நேரம் பார்க்க வேண்டும் என்று கேஜ் அண்ணன் கிண்டலடிப்பார். மாப்பிள்ளை சிரித்துக்கொண்டே காகிதத்தை மடிப்பார். தங்கைக்கு மட்டும் அந்தக் கிண்டல் பிடிக்காது.

வெளிநாட்டிலிருந்து ஒரு வெந்நீர் இயந்திரம் வந்தது. அறுவை சிகிச்சைக் கருவிகளைக் கழுவும் அறைக்கானது. அதன் தண்ணீர் வெளிவரும் முனையில் அரை இஞ்சு மரை. சுவரில் இருந்த ஆஸ்பத்திரிக் குழாயும் அரை இஞ்சு. இரண்டையும் இணைக்க ஒரு பித்தளைக் கப்ளிங்கை எடுத்துக்கொண்டு கேஜ் அண்ணன் கிளம்பிவிட்டார். மாப்பிள்ளை வழக்கம்போலக் காகிதத்தோடு வந்து நின்றார்.

"மச்சான், இதோட மரை என்.பி.டி.ன்னு போட்டிருக்கு. நம்ம கப்ளிங், குழாய் எல்லாம் பி.எஸ்.பி. நடுவுல ஒரு அடாப்டர் போடணுமாம்."

"அரை இஞ்சு எங்க போனாலும் அரை இஞ்சுதான் மாப்பிள்ளை. காகிதமா தண்ணியைப் பிடிச்சு நிறுத்தப்போகுது?"

என்.பி.டி. என்ற அமெரிக்க மரை, பி.எஸ்.பி. என்ற பிரிட்டிஷ் மரை என்று மரையில் இரண்டு சாதி இருப்பது கேஜ் அண்ணனுக்குத் தெரியாமல் இல்லை. காதில் விழுந்திருக்கிறது. ஆனால் அவர் கையாண்டது எல்லாம் ஒரே சாதி. மற்ற அளவுகளில் தப்பான ஜோடியைப் போட்டால் சில சுற்றிலேயே முரண்டு பிடித்து, ஆள் உஷாராகிவிடுவார். அரை இஞ்சும் முக்கால் இஞ்சும்தான் ஆளைக் கவிழ்ப்பவை. அந்த இரண்டு அளவில் மட்டும் இரு சாதிக்கும் ஓர் இஞ்சுக்குப் பதினாலு பல். எண்ணிக்கை ஒன்றாக இருப்பதால் ஒன்றுக்குள் ஒன்று சமர்த்தாக ஏறிவிடும். ஆனால் பல்லின் சாய்வு வேறு, முனை வேறு. ஒன்றில் முனை மழுங்கி உருண்டிருக்கும், மற்றதில் வெட்டிவிட்டது போலத் தட்டையாக இருக்கும். வெளியே பார்க்கக் கச்சிதமான பொருத்தம். உள்ளே பல்லோடு பல் முழுசாக உட்காராது.

கப்ளிங் கையாலேயே மூன்று சுற்று ஏறியது. நான்காவதில் இறுகியது. அவர் நின்றார். கழற்றினார். விரலால் தடவினார். ஏதோ உறுத்தியது. வாழ்நாள் முழுக்க விரல் சொன்னதைக் கேட்டவர், அன்றைக்கு மாப்பிள்ளை பக்கத்தில் காகிதத்தோடு நின்ற ஒரே காரணத்துக்காகக் கேட்கவில்லை. வெள்ளை டேப்பை இரண்டு மடங்கு சுற்றி, ரெஞ்சை வைத்து ஒரு மிதி மிதித்தார். தண்ணீர் திறந்து பார்த்தார்கள். ஒரு சொட்டு வரவில்லை. "பாத்தீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

நான்கு மாதம் தாங்கியது. தினமும் கொதித்து, தினமும் ஆறி, அந்த இணைப்பு உள்ளுக்குள்ளேயே தளர்ந்திருக்க வேண்டும். கேஜ் அண்ணன் விடுப்பில் இருந்த ஒரு நாள் அது கசிந்தது. முறையில் இருந்த மாப்பிள்ளை போய் அரைச் சுற்று இறுக்கிக் கசிவை நிறுத்தினார். மச்சான் வந்து ஒருமுறை பார்க்க வேண்டும் என்று வேலைப் பதிவேட்டில் எழுதியும் வைத்தார். மறுநாள் காலை, மச்சான் பதிவேட்டைத் திறப்பதற்குள், கப்ளிங் பிளந்துவிட்டது. கருவிகளைக் கழுவிக்கொண்டிருந்த பெண்ணின் வலது கை முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை வெந்துபோனது.

விசாரணை என்று வந்தால் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான். கடைசியாகத் தொட்டது யார்? நான்தான் என்று மாப்பிள்ளை சொன்னார். அளவுக்கு மீறி இறுக்கியதால் பித்தளை விரிசல் விட்டது என்று எழுதி, அவரை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். யார் பொருத்தியது, எப்படிப் பொருத்தியது என்று ஒருத்தரும் கேட்கவில்லை. கேஜ் அண்ணன் போட்டதில் என்ன கேட்க இருக்கிறது?

கப்ளிங் வெடித்த மறுநாள் கேஜ் அண்ணன் ஸ்டோருக்குப் போனார். யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து, மரையை அளக்கும் கருவியை எடுத்தார். சீப்புப் பல் வெட்டிய சின்னச் சின்னத் தகடுகளின் கொத்து அது. இயந்திரத்திலிருந்து கழற்றி வைத்திருந்த முனையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, முப்பத்தொரு வருஷமாகத் தாம் பழகிய மரைக்கான தகட்டை அதன்மேல் பதித்தார். பல் இடுக்குகளில் வெளிச்சம் கோடு கோடாகத் தெரிந்தது. அடுத்த தகட்டை வைத்தார். துளி வெளிச்சம் இல்லை. ஒரு மூட்டைமேல் உட்கார்ந்துகொண்டார்.

எழுந்து போய் அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நான் இவருக்குச் சப்பைக்கட்டு கட்டப்போவதில்லை. பயந்துவிட்டார், அவ்வளவுதான். முப்பத்தொரு வருஷப் பேர் ஒரு கப்ளிங்கில் போவதா என்ற பயம். காகித விஷயத்தை மாப்பிள்ளை வாயைத் திறந்து சொல்லவில்லை என்று தெரிந்தபோது, வெட்கத்தைவிட முதலில் வந்தது நிம்மதிதான். அவருக்கு ஞாபகம் இல்லை போலிருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பெட்டிக் காகிதத்தைக்கூடப் பத்திரப்படுத்துகிறவருக்கா ஞாபகம் இருக்காது?

தங்கை வீடு இரண்டு தெரு தள்ளி. அந்தப் பக்கம் போவதையே விட்டுவிட்டார். வேலைக்குச் சுற்றுவழியில் போனார். கைக்கட்டோடு அந்தப் பெண் நடைபாதையில் எதிரே வந்தால் மாடிப்படியில் ஏறிவிடுவார். இரவில் தூக்கம் இல்லை, பகலில் சாப்பாடு இறங்கவில்லை. உடம்புக்கு என்ன என்று கேட்டவர்களுக்கு தங்கை புருஷனை நினைத்துக் கவலைப்படுகிறார் என்று மற்றவர்களே பதில் சொன்னார்கள். அதையும் கேட்டுக்கொண்டு நின்றார்.

மூன்றாவது வாரம் பராமரிப்புப் பிரிவின் இன்ஜினியர் அம்மா கூப்பிட்டார். மாப்பிள்ளையை நிரந்தரமாக நீக்கும் கடிதம் வெள்ளிக்கிழமை கையெழுத்தாகிறது என்றார். சொந்தக்காரர் என்று தெரியும், மன்னிக்கவும் என்றார். கழுவும் அறை இயந்திரத்தைத் திரும்ப இணைக்க வேண்டும், அதை நீங்களே செய்யுங்கள், நீங்கள் செய்தால்தான் அங்கே வேலை பார்ப்பவர்களுக்கு நம்பிக்கை வரும் என்றும் சொன்னார். இந்தக் கடைசி வார்த்தையைத்தான் அவரால் விழுங்க முடியவில்லை. சரி என்று தலையாட்டிவிட்டு வெளியே போனவர், பத்து நிமிஷத்தில் பிளந்த கப்ளிங், இயந்திரத்தின் முனை, அளவுக் கருவி மூன்றையும் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார்.

இன்ஜினியர் அம்மா முதலில் நம்பவில்லை. நீங்கள் போட்டது நான்கு மாதம் நன்றாகத்தானே இருந்தது, அவர் இறுக்கிய மறுநாள்தானே பிளந்தது, உறவுக்காகப் பழியை இழுத்துப் போட்டுக்கொள்ளாதீர்கள் என்றார். கேஜ் அண்ணன் ஒரு புதுக் கப்ளிங்கை எடுத்து அந்த முனையில் திருகிக் காட்டினார். மூன்று சுற்று வழுக்கிக்கொண்டு ஏறி, நான்காவதில் நின்றது. பிறகு ஜன்னல் பக்கம் அழைத்துப்போய்த் தகட்டை வைத்துக் காட்டினார். இது முதல் நாளே தப்பான ஜோடி, எவ்வளவு இறுக்கினாலும் உட்காராது, இறுக்க இறுக்கக் கப்ளிங்தான் விரியும், மாப்பிள்ளை இடத்தில் யார் இருந்தாலும் கசிவைக் கண்டால் இறுக்கத்தான் செய்வார்கள் என்று விளக்கினார். இன்ஜினியர் அம்மா குனிந்து அந்த வெளிச்சக் கோடுகளை ரொம்ப நேரம் பார்த்தார்.

"பொருத்தும்போதே உங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது என்று ஒரு வார்த்தை போதும். கைத்தவறு என்று போய்விடும். மாப்பிள்ளையும் தப்பித்துவிடுவார், இவர் பேரும் பாதியாவது மிஞ்சும்.

"மாப்பிள்ளை சொன்னாரு. பெட்டியில இருந்த காகிதத்தைக் காட்டி அடாப்டர் வேணும்னாரு. நான்தான் கேக்கலம்மா."

"இது தப்பான ஜோடின்னு எப்பத் தெரிஞ்சுது?"

"வெடிச்ச மறுநாளே."

இன்ஜினியர் அம்மா ஒரு வெள்ளைத் தாளை அவர் பக்கம் நகர்த்தினார். எழுதித் தரச் சொன்னார். கேஜ் அண்ணன் எழுதிக் கையெழுத்துப் போட்டார். நீக்கும் கடிதம் கிழிபட்டது. திங்கட்கிழமையிலிருந்து மாப்பிள்ளை வேலைக்கு வரலாம் என்றும், இவர்மேல் தனி விசாரணை என்றும் முடிவானது. வெளியே வந்ததும் நேராகக் கைக்கட்டுப் பெண்ணிடம் போய்ச் சொன்னார். அவள் திட்டவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு, இடது கையாலேயே கருவித் தட்டுகளை அடுக்கத் தொடங்கினாள்.

சாயங்காலம் தங்கை வீட்டுக்குப் போனார். மாப்பிள்ளைக்கு அதற்குள் தகவல் வந்திருந்தது. வாங்க மச்சான் என்று எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். இவர் உட்காரவில்லை. எல்லாம் தெரிந்தும் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று மட்டும் மாப்பிள்ளையிடம் கேட்டார். அவர் மனைவியைப் பார்த்தார்.

தங்கை சமையலறை வாசலில் நின்றிருந்தாள். கையில் தண்ணீர்ச் செம்பு இருந்தது, கொடுக்கவில்லை.

"நான்தான் வேணாம்னேன். எங்கண்ணன் தானா வந்து சொல்லும், அதுவரைக்கும் பொறுங்கன்னு தினமும் சொன்னேன்" என்றாள். "பத்து நாளுக்கப்புறம் அப்படிச் சொல்றதை விட்டுட்டேண்ணா."