ஞாயிறு காலை ஒன்பது மணிச் சோதனை

பதுளையில் என் வீட்டுப் பின்னறைச் சுவரில் முட்டைத் தட்டுகளை ஒட்டி, அதை 'ஸ்டூடியோ' என்று அழைத்துக்கொண்டிருந்தேன். இரண்டாயிரம் பிறந்து ஓரிரு வருடம். வார நாட்களில் கணக்கு வாத்தியார், ஞாயிறுகளில் இசையமைப்பாளர். இரண்டிலும் பிறரைத் திருத்துவதே என் தொழில்.

கம்பியூட்டருக்கு வைரஸ் வரும் என்று பயமுறுத்தியிருந்தார்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் டாக்டர் மருந்து, கோயில் திருநீறு, பள்ளிவாசல் தாயத்து மூன்றையும் சேர்த்துக் கொடுக்கிற ஊர் எங்களுடையது. நானும் மூன்று வைரஸ் தடுப்புகளைப் போட்டேன். வார நாளில் மெஷின் துணி போர்த்திக்கொண்டு தூங்கும். ஆகவே மூன்றுக்கும் ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு முழுச் சோதனை என்று நேரம் குறித்தேன்.

தேயிலைத் தோட்டத்து ஆட்களுக்கும் ஞாயிறுதான் லீவு.

ஒரு ஞாயிறு காலை, தெமோதரைப் பக்கத்திலிருந்து கொழுந்தெடுக்கும் பெண்ணொருத்தி கணவனோடு வந்தாள். வானொலிப் பாட்டுப் போட்டிக்கு பாடிய பதிவு மறுநாளே தபாலில் போயாக வேண்டும். "இதுல எடுபடலேன்னா பாட்டோட சரி, இனி வாயத் தெறக்கக் கூடாது" என்பது கணவன் போட்ட நிபந்தனை.

சும்மா பாடிக் காட்டியபோது நன்றாகவே பாடினாள். பதிவு செய்தபோது கடுகு பொரிவது போலச் சத்தம். நான் ஏதோ ஓர் அளவைக் கூட்டி வைத்தேன். பொரிதல் நின்றது.

"சேர், நான் பாடுறது எனக்கே பிந்திக் கேக்குதுங்க" என்றாள், காதில் மாட்டியிருந்த ஹெட்போனைத் தொட்டபடி.

"மெஷின் பிந்தாதும்மா. நீதான் பிந்துற."

"கொழுந்து நிறுக்கையிலயும் இவதான் கடைசி, சேர்" என்றான் கணவன். நானும் சிரித்தேன், படித்தவன் சிரிக்கிற மாதிரி, அளவாக.

பதினொரு தடவை பாட வைத்தேன். பதினோராவதில் குரல் கிழிந்தது. "தாளம் கம்மி" என்று தீர்ப்பெழுதி அனுப்பினேன். தபாலுக்கு வேலையிருக்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து, டவுனில் கம்பியூட்டர் திருத்தும் நண்பன் வந்தான். மூன்று விசைகளை அழுத்தி ஒரு பட்டியலைத் திறந்து காட்டினான். "உள்ளுக்குள்ள மூணு பேரு ஒருத்தன ஒருத்தன் சோதிச்சுக்கிட்டு நிக்கிறான். பாட்டுக்கு ஏதுடா எடம்?" இரண்டை நீக்கி, மிஞ்சியதன் நேரத்தையும் மாற்றினான். குரலைப் பிந்த வைத்தது நான் கூட்டி வைத்திருந்த அளவுதான் என்று சொல்லி, அதையும் குறைத்தான். பிறகு நான் பாடிப் பார்த்தேன். என் குரல் நேரத்துக்கு வந்தது. அது தனித் துயரம்.

தெமோதரைக்குப் பஸ் இருந்தது. நான் ஏறவில்லை.

சில மாதம் போய் அந்தத் தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்கு அழைத்திருந்தார்கள். பஜனைக்குப் பெண்கள் உட்கார்ந்திருக்க, ஒருத்தி, அன்று என்னிடம் பாட வந்தவளைக் கையைப் பிடித்து இழுத்தாள்.

"அவளயா?" என்றான் கணவன். "கம்பியூட்டரே தாளம் இல்லேன்னு தள்ளிருச்சு. இந்தா, சேரே நிக்கிறாரு. கேளுங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அவளும் பார்த்தாள்.

"மெஷின் பொய் சொல்லாதும்மா" என்றேன்.

அவள் எழுந்து பாத்திரம் கழுவும் பக்கம் போனாள். எனக்கு இன்னொரு கரண்டி சர்க்கரைப் பொங்கல் வைத்தார்கள். முந்திரி நிறையப் போட்டிருந்தார்கள். முழுவதையும் சாப்பிட்டேன்.