எந்த ரொட்டண்டா

உணவகச் சமையலறையில் செங்கா கோய்ல் அன்று மூன்றாவது தட்டை உடைத்தாள்.

"தட்டு உனக்கு என்னடி பாவம் பண்ணுச்சு?" என்றாள் பக்கத்தில் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்த ரீனா.

செங்கா மறுபடியும் கடிகாரத்தைப் பார்த்தாள். பன்னிரண்டு ஐம்பது. கனடாவிலிருந்து தம்பி ஹியூகி எழுதிய கடிதம் ஏப்ரன் பையில் கசங்கிக் கிடந்தது. 'சனிக்கிழமை ஒரு மணிக்கு ரொட்டண்டாவில் நிற்பேன். இந்தத் தடவையாவது வா.'

அந்த 'இந்தத் தடவையாவது'தான் அவளைப் போட்டு அரித்தது. வராதவன் அவன். பேச்சைப் பார்!

கிளைட் ஆற்றின் இரு கரையிலும் ஒரே ஜாடையில் இரண்டு வட்டக் கட்டடங்கள்; இரண்டுக்குமே ரொட்டண்டா என்றுதான் பேர். ஆற்றுக்கடியில் போன சுரங்கப்பாதைக்கு இவைதான் வாசல். ஒரு காலத்தில் குதிரைவண்டிகளையே இங்கே லிப்டில் இறக்கினார்கள், மனிதர்கள் படியிறங்கி நடந்தார்கள். தென்கரைக்காரர்களுக்கு ரொட்டண்டா என்றால் தென்கரைக் கட்டடம், வடகரைக்காரர்களுக்கு வடகரையுடையது. அப்போதெல்லாம் கரை மாறி நின்றாலும் மோசமில்லை; காத்திருந்து அலுத்தவர் கீழே இறங்கி நடந்தால் நடுவழியில் மற்றவர் எதிரே வருவார்.

செங்காவும் ஹியூகியும் தென்கரையில், கோவன் பேட்டையில், புராட்டஸ்டன்ட் குடும்பத்தில் பிறந்தவர்கள். அவள் வடகரைக் கத்தோலிக்கன் டொமினிக்கைக் கட்டிக்கொண்டாள். "அந்தக் கோயில்ல நான் காலை வைக்க மாட்டேன்" என்று ஹியூகி கல்யாணத்துக்கு வரவில்லை. சில வருஷம் கழித்து, 1980இல், சுரங்கத்தைப் பூட்டினார்கள். அதே கோடையில் அவன் கனடா கிளம்பினான். போகிற வாரம் கசாப்புக் கடைக்காரரிடம் சொல்லியனுப்பினான்: சனிக்கிழமை, ஒரு மணி, ரொட்டண்டா. அவள் மழையில் இரண்டு மணி நேரம் நின்றாள். அவன் வரவில்லை. அப்புறம் இருபத்தெட்டு வருஷம் ஒரு வரி கிடையாது. சுரங்கத்தில் மண்ணைக் கொட்டினார்கள், வடகரைக் கட்டடம் உணவகமானது, செங்கா அங்கேயே தட்டுக் கழுவ வந்தாள். அவன் வராத வாசல் வழியாகத்தான் தினமும் வேலைக்கு நுழைந்தாள்.

"எந்த ரொட்டண்டான்னு எழுதியிருக்கான்?" என்று கேட்டாள் ரீனா. அவளும் கோவன்காரிதான்.

"எந்தன்னா? இதுதான்."

"இதை எங்க ஆளுங்க ரொட்டண்டான்னு சொல்றதே இல்லையே. இது 'அந்தப் பக்கம்'. நீ கோவன்ல இருந்தப்ப எப்படிச் சொல்லுவ?"

செங்காவின் கை நீருக்குள்ளேயே நின்றது. அவளும் அப்படித்தான் சொல்லியிருந்தாள். கல்யாணமான வருஷமே அவள் நாக்கு கரை மாறிவிட்டது. அது அவளுக்கே தெரியவில்லை.

பிற்பாடு ஆற்றின் மேல் கட்டிய நடைபாலத்தில் ஏப்ரனோடு ஓடினாள். அறுபது வயதுக் கால் ஓடுகிற ஓட்டம்தான் ஓடியது. தென்கரை வாசலில் யாருமில்லை. மணி ஒன்று இருபது. போய்விட்டான் என்று நினைத்ததும் கண்ணில் நீர் முட்டியது. திரும்பிப் பார்த்தாள். எதிர்க்கரையில், அவள் உணவக வாசலில், ஒரு வழுக்கைத் தலையர் ரீனாவிடம் கையை ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தார். ரீனா பாலத்தைக் காட்டினாள்.

பாலத்தின் நடுவில் இருவரும் மூச்சிரைக்க நின்றார்கள்.

"நம்ம ரொட்டண்டாவுல நின்னேன். அப்புறம்தான் உறைச்சுது, நீ அந்தப் பக்கத்துக்காரி ஆயிட்டியேன்னு. டாக்சி பிடிச்சு, வண்டிப் பாலத்தைச் சுத்திக்கிட்டு அந்தக் கரைக்குப் போனேன்" என்றான் ஹியூகி. "அன்னைக்கும் ரெண்டு மணி நேரம் நின்னேன்."

"நானும்தான்டா மடையா! கொட்டுற மழையில!"

அவன் சிரித்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டான். "உன் ஆளு டொமினிக் எங்க? அவன்கிட்ட மன்னிப்புக் கேக்கணும்."

"அவன் போய்ச் சேர்ந்து மூணு வருஷமாச்சு."

சிரிப்பு அவன் முகத்திலேயே நின்றது.

"அன்னைக்கு அவனும் என்கூட நின்னான்டா" என்றாள் செங்கா. "உனக்குப் பசிக்கும்னு ரெண்டு சாசேஜ் ரோல் வாங்கி, நனையாம கோட்டுக்குள்ள வெச்சிருந்தான். நீ வருவ வருவன்னு என்னை வீட்டுக்கே போக விடல."

ஹியூகி பாலத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வடகரை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான்.