மார்த்தா அம்மாவின் ஓட்டுக்கு என் கையெழுத்து

2004 ஐப்பசி மழையில் மரக்காணம் உப்பளப் பாத்திகளெல்லாம் மூழ்கிவிட்டன. தை பிறந்து தண்ணீர் வடியும்வரை அங்கே எனக்கு வேலை கிடையாது. வருடா வருடம் அந்த மூன்று மாதமும் பஸ் ஏறி, குயிலாப்பாளையத்தில் ஒரு கெஸ்ட் ஹவுசில் ரூம் கிளீனிங் செய்வேன். உப்பு வாரிய கை இது. டைல்ஸில் ஒரு கறை விடமாட்டேன்.

அங்கே ஆறாம் நம்பர் ரூமில் மார்த்தா அம்மா தங்கியிருந்தார். அமெரிக்காக்காரர், எழுபது வயது தாண்டியவர். பல வருடமாக இங்கேயே இருப்பதால் தமிழ் பேசுவார். படியில் வழுக்கி விழுந்து காலில் கட்டுப் போட்டிருந்தார். அப்போது அவர் நாட்டில் தேர்தல். ஓட்டுச்சீட்டு தபாலில் லேட்டாக வந்தது. அன்றைக்கே கூரியரில் போனால்தான் தேதிக்குள் சேரும்.

காலையில் பக்கெட்டோடு நுழைந்தேன்.

"தனம், கதவைச் சாத்து. உன் கையெழுத்து வேணும்."

எனக்கு அப்போது என் பெயர் மட்டும்தான் எழுத வரும்.

"எதுக்குன்னு சொல்லுங்கம்மா. தெரியாம போடமாட்டேன்."

ஓட்டுச்சீட்டை வைத்து அனுப்பும் கவர் மேல் அச்சடித்திருந்ததைத் தமிழில் சொன்னார். ஓட்டுப் போடும்போது ஒரு சாட்சி இருக்க வேண்டுமாம். யாருக்கு ஓட்டு என்பதை மட்டும் பார்க்கக் கூடாதாம்.

பார்க்கக் கூடாது என்றதும் நான் சுவர்ப்பக்கம் திரும்பி, போதாததற்கு முந்தானையால் கண்ணையும் மூடிக்கொண்டேன். நம் பூத்தில் யாராவது எட்டிப் பார்த்தால் நாம் விடுவோமா? பேனா கீறும் சத்தம் கேட்டது. அப்புறம் கவர் ஒட்டும் சத்தம்.

"இப்ப போடு தனம்."

"எப்படிம்மா போடுறது? நான் எதையும் பாக்கலையே!"

கவரை வாங்கிப் போக வந்த வாட்ச்மேன் ஏழுமலை, கதவைத் திறந்து தலையை நீட்டினான்.

"ஏன்க்கா, ஒரு கையெழுத்துக்கு இவ்ளோ அலட்டலா? குடுங்கம்மா, நான் கிறுக்கிடுறேன். அமெரிக்காவுல யாருக்குத் தெரியப் போவுது?"

"நீ ரூமுலயே இல்லடா. வாய மூடிக்கினு நில்லு."

மார்த்தா அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "வேற சீட்டு இல்ல, தனம். நான் ஒரு தேர்தலையும் விட்டதில்ல."

எனக்கும் மனசு கேட்கவில்லை.

"அம்மா, அதுல என்ன எழுதியிருக்குதுன்னு இன்னொரு வாட்டி ஒழுங்கா படிச்சு சொல்லுங்க."

விரல் வைத்து நிதானமாகப் படித்தார். "நான் கூட இருந்தேன். இவங்களே போட்டாங்க. யாருக்குப் போடணும்னு யாரும் சொல்லல."

"அவ்ளோதானா? அதுக்குப் போடுறேன். நான் இங்கதான இருந்தேன்! வேற ஆளு யாரும் உள்ள வரல. பேனா சத்தம் காதுல கேட்டுச்சு."

தரையில் உட்கார்ந்து, கவரை ஸ்டூல் மேல் வைத்து, தனபாக்கியம் என்று தமிழில் எழுதினேன். அதன் கீழே என் விலாசத்தை அவர் எழுதினார். ஏழுமலை கவரை பிளாஸ்டிக் பையில் சுற்றி, மழையில் சைக்கிள் எடுத்தான்.

தமிழ்க் கையெழுத்தை அங்கே ஏற்பார்களா என்று இரண்டு பேருக்கும் பயம். தேர்தல் முடிந்து சில நாள் கழித்து, அவர் ஊர் தேர்தல் ஆபீசுக்கு போன் போட்டார். பேசிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நம்ம ஓட்டை எண்ணிட்டாங்க, தனம்!"

"உங்க ஆளு ஜெயிச்சிட்டாரா?"

"தோத்துட்டார்."

"தோக்கப்போற ஆளுக்கா நான் அந்த மழையில சைக்கிள் மிதிச்சேன்?" என்றான் ஏழுமலை. மார்த்தா அம்மாதான் முதலில் சிரித்தார்.

ரேஷன் கார்டானாலும் மனைப் பட்டாவானாலும், நான் சொல்வது உண்மை என்று வேறு யாராவது கையெழுத்துப் போட்டால்தான் எனக்குக் காரியம் நடந்திருக்கிறது. இன்னொருவர் செய்தது நிஜம் என்று சொல்ல என்னைக் கூப்பிட்டவர் மார்த்தா அம்மா மட்டும்தான். அந்த நன்றி எனக்கு என்றைக்கும் உண்டு. புதிதாக வேலைக்கு வரும் பெண்களுக்கும் நான் சொல்வது இதுதான்: கையெழுத்துக் கேட்டால் தயங்காமல் போடுங்கள். உங்களுக்குத் தெரிந்த அளவுக்கு மட்டும் போடுங்கள்.