உதயகலாவின் கடைசி அட்டை

செய்தி வந்தபோது ஞாயிறு காலை எட்டேகால். உரும்பிராயிலிருந்து உதயகலாவின் தம்பி போன் எடுத்திருந்தான்.

"டெங்கு, மிஸ். அக்கா மோசம் போட்டா. நாளைக்குப் பத்து மணிக்குச் செத்தவீட்டுக் கிரியை."

பத்து மணி. தாதி வசந்தினிக்கு அழுகைக்கு முன் அந்த நேரம்தான் உறைத்தது. அதே பத்து மணிக்கு அவள் கிளினிக்கில் கிருஷாந்துக்கு எச்.ஐ.வி. பரிசோதனை முடிவைச் சொல்ல வேண்டும். அவனுக்குக் காது கேளாது, பள்ளிக்கூடமும் போனதில்லை. சைகையில் சொல்ல இருந்தவள் உதயகலா.

உதயகலாவின் தாயும் தகப்பனும் காது கேளாதவர்கள். அவளுக்குக் கை பேசிய பிறகுதான் நாக்குப் பேசியது. காது கேளாதவர் எங்கே போனாலும் வீட்டார் ஒருவர் கூடப்போய் எல்லாவற்றையும் கேட்டு வருவது இங்கே வழக்கம். அந்த வழக்கத்தோடு அவள் ஏழு வருடம் மல்லுக்கட்டினாள். "வருத்தம் அவருக்கு, முடிவு மச்சாளுக்கோ?" என்பாள். ஸ்கூட்டியில் வந்து வசந்தினிக்கும் சைகை பழக்கினாள்.

"மிஸ், உது சைகையோ, இடியப்பம் பிழியிறியளோ?" என்று சிரிப்பாள்.

படம் வரைந்த அட்டைகளும் செய்து தந்தாள். மருந்துக் குளிசை, இரத்தம், காலை, இரவு.

அன்று வசந்தினி அடுப்பு மூட்டவில்லை. கண்ணாடி முன் நின்று விரல்களை மடக்கினாள், நீட்டினாள், மறந்தாள். செத்தவீட்டுக்குப் போகாமல் இருப்பதா? திகதியை மாற்றினால் அவன் திரும்பி வருவானா?

திங்கட்கிழமை கிருஷாந் தமக்கையோடு வந்தான்.

"என்னட்டைச் சொல்லுங்கோ மிஸ். அவனுக்கு வாய் நான்தானே."

"ஓம் அக்கா. இண்டைக்கு அவரோடை நான் கதைக்கிறன். நீங்கள் வெளியிலை இருங்கோ."

"நீங்களோ? கையாலையோ?" தமக்கை சிரித்தாள், முறைத்தாள், கடைசியில் எழுந்து போனாள்.

சுவர்மணிக்கூட்டில் பத்து ஐந்து. உரும்பிராயில் பறை முழங்கிக்கொண்டிருக்கும். வசந்தினி சைகையில் சொல்லத் தொடங்கினாள். கிருமி இருக்கிறது. குளிசையும் இருக்கிறது. நாள்தோறும். சாகமாட்டீர். ஓரிடத்தில் கிருஷாந் அவளுடைய சுட்டுவிரலைப் பிடித்து நேராக்கிவிட்டான். பிறகு முகத்தைப் பொத்திக்கொண்டான். நிமிர்ந்ததும் கதவைக் காட்டித் தலையசைத்தான்: அக்காவுக்கு வேண்டாம். சொல்லமாட்டேன் என்று வசந்தினி நெஞ்சில் கை வைத்தாள்.

அதன் பின் தாலி கட்டுவதுபோலக் காட்டி, புருவத்தை உயர்த்தினான்.

அவள் ஓமென்று தலையாட்டினாள். மருந்தை ஒழுங்காக எடுத்துக் கிருமி அடங்கிவிட்டால் மனைவிக்குத் தொற்றாது என்பதைச் சொல்ல அவளுக்குச் சைகை வரவில்லை. அட்டைகளைப் புரட்டினாள். அதற்கான அட்டை கடைசியில் இருந்தது. மாப்பிள்ளையை உதயகலா பேனா மையால் வரைந்து முடித்திருந்தாள். பொம்பிளை பென்சில் கோட்டில் நின்றாள். முகம் இன்னும் வரையப்படவில்லை.