முதல் மடக்கு

ஓசூரிலிருந்து பெங்களூரு போகும் பேருந்தில், கம்பெனிச் சீருடையில் ஒருவர் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மடியில் முடி கொட்டிய ஐந்து வயது மகள். ரத்தப் புற்றுநோய்க்கு மருந்து ஏற்றக் கூட்டிப்போகிறாராம். அத்திப்பள்ளி தாண்டியதும் பையிலிருந்து ஒரு புட்டியை எடுத்துத் திறந்து, பப்பாளி இலைச் சாற்றைத் தானே ஒரு மடக்குக் குடித்தார். கடிகாரம் பார்த்துக் கால் மணி நேரம் காத்திருந்தார். பிறகுதான் அவளுக்கு.

“டாக்டருக்குத் தெரியுமா?” என்றேன், கொஞ்சம் கடுமையாகவே.

“சொல்லலீங்க, திட்டுவாரு. கம்பெனியில நான் செக்கிங்ல இருக்கறனுங்க. பாக்காம எதையும் விட மாட்டேன். ஆறு மாசமா குடிக்கறேன், எனக்கு ஒண்ணும் ஆகலீங்க.”

நோயில்லாத உடம்பில் சோதித்து என்ன பயன் என்று கேட்க வாயெடுத்தேன். அவர் மகளின் கையிலிருந்த ஊசித் தழும்பைத் தடவினார்.

“ஆஸ்பத்திரியில ஏத்தற மருந்தத்தான், மொதல்ல எனக்கு ஏத்திப் பாக்க விட மாட்டேங்கறாங்க.”

டாக்டரிடம் சொல்லிவிடுங்கள் என்றாவது சொல்ல நினைத்தேன். நகர்ந்து உட்கார்ந்து, குழந்தை கால் நீட்ட இடம் விட்டேன்.