வேறாக வைத்த சட்டி

ஹிமாயா பொஸ்னியாவில் முரண்பாட்டு முகாமைத்துவமும் சமாதானமும் படித்த காலம் முழுக்க, மருதமுனையில் அவளுடைய உம்மா றஹீமாவைப் புரட்டிப் படுக்கவைத்தவள் கலாராணி. பாரிசவாதம் விழுந்த உடம்பு ஒரே பக்கமாகக் கிடந்தால் தோல் அழுகும். அழுகவில்லை. கலாராணி பக்கத்துத் தமிழூரான பெரியநீலாவணையிலிருந்து காலையில் வருவாள், துடைப்பாள், ஊட்டுவாள், பொழுதுபட்டால் போவாள். சம்பளத்துக்குத்தான். சம்பளம் வாங்கும் எல்லாரும் அப்படிப் பார்ப்பதில்லை.

றஹீமா நடமாடிய நாளில், மாடு தின்னாத கலாராணி வீட்டுக்கென்று தன் அடுப்படியில் ஒரு சட்டி வைத்திருந்தாள். அதில் மாட்டிறைச்சி படாது. நோன்புக் கஞ்சியும் அதில் வேறாகக் காய்ச்சியே அங்கே போகும். பொஸ்னியாவில், போரில் எதிரெதிரே நின்றவர்கள் ஒரே பானைச் சூப்பைக் குடிப்பதை ஹிமாயா பார்த்தாள். உம்மாவின் சட்டியை, வீட்டுக்குள் எழுப்பிய மதில் என்று ஆய்வில் எழுதினாள். வகுப்பில் கைதட்டினார்கள்.

அவள் ஊருக்கு வந்தது நோன்பு மாதம். அப்போது பார்த்துச் செயலகப் பிரச்சினை கிளம்பியது; தனிப் பிரதேச செயலகம் வேண்டுமென்று தமிழர்களும், கூடாதென்று முஸ்லிம்களும். கல்முனையில் தமிழர்கள் கொட்டகை போட்டு உட்கார்ந்தார்கள். கலாராணியும் புருசன் தங்கத்துரையோடு போனாள். படம் பேஸ்புக்கில் வந்தது. மறுநாள் ஹிமாயாவின் நானா, அவளுக்கு மூத்தவன் பஸால், வேலைக்கு வந்த கலாராணியை வாசலில் மறித்தான்.

"எங்களுக்கு எதிரா ரோட்டுல குந்திட்டு, இஞ்ச சம்பளத்துக்கு வாறீங்களா?"

"உங்கட உம்மாக்கு எதிரா நான் குந்தல்ல தம்பி."

கழற்றிய செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

பஸாலின் மனைவி சில நாள் மாமியாரைப் பார்த்துக்கொண்டாள். பிறகு முதுகுப் பிடிப்பென்று தாய்வீட்டுக்குப் போனாள். ஹிமாயா தானே புரட்டினாள். தூக்கத் தெரியாமல் உடம்புக்குக் கீழே விரித்த துணியைப் பிடித்து இழுத்தாள். றஹீமாவின் இடுப்புக்குக் கீழே தோல் சிவந்து, கொப்புளித்து, உடைந்தது. கவனிக்காவிட்டால் எலும்புவரை போகும் புண்.

ஹிமாயா கலாராணியிடம் போனாள். கலாராணி சொன்னதையெல்லாம், பொஸ்னியாவில் படித்த முறைப்படி குறுக்கிடாமல் கேட்டாள்.

"தலைய மட்டும் ஆட்டுறாய், ஒண்டும் கதைக்கிறாயில்ல," என்றாள் கலாராணி.

"நானா செஞ்சது பிழை அக்கா. உம்மாக்குப் புண் வந்திட்டு."

கலாராணி எழுந்துவிட்டாள். "எவ்விடத்தில? தண்ணி வடியிதா? சரி, நாளைக்கு வாறன். உண்ட நானா வாசல்ல நிக்கப்படாது."

ஹிமாயாவுக்குக் கால் தரையில் படவில்லை. அன்று பின்னேரமே கோழி போட்டுக் கஞ்சி காய்ச்சினாள். அடுப்படித் தட்டில் கவிழ்ந்து கிடந்த அந்தச் சட்டியை வேண்டுமென்றே விட்டுவிட்டு, வீட்டுச் சட்டியில் காய்ச்சினாள். வாளியில் ஊற்றித் தானே கொண்டுபோனாள். தங்கத்துரையின் தாய் சின்னத்தங்கம் ஆசையாக ஒரு கோப்பை வார்த்துக் குடித்தாள்.

"இனி உங்களுக்கு வேறாக் காய்ச்சிற இல்ல அண்ணன். எல்லாருக்கும் ஒரே சட்டிதான்," என்றாள் ஹிமாயா தங்கத்துரையிடம்.

தங்கத்துரை தாயின் கையிலிருந்த கோப்பையைப் பறித்தான். "என்ன இறைச்சி?"

"கோழிதான்."

"நேத்து அந்தச் சட்டியில என்ன காய்ச்சின?"

நேற்று மாடு. நோன்பு வாயால் அவளுக்குப் பொய் வரவில்லை. "மாடு," என்றாள்.

சின்னத்தங்கம் முற்றத்துக்கு ஓடி ஓங்காளித்தாள்.

"உங்கட உம்மா எங்கள மதிச்சவ," என்றான் தங்கத்துரை. "நீங்க எந்தத் தேசத்துக்குப் போய் இதப் படிச்சீங்க?"

கலாராணி மாமியின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

மறுநாள் அவள் வரவில்லை. மத்தியானம் வாசலில் வாளி இருந்தது, தேய்த்துக் கழுவி, வெறுமையாக. அந்த வீட்டிலிருந்து ஏனம் வெறுமையாகத் திரும்பியதே இல்லை. ஒரு துண்டுக் கருவாடாவது கிடக்கும்.

"இதான் உண்ட சமாதானம்," என்றான் பஸால்.

உள்ளே உம்மா முனகினாள். புரட்ட வேண்டிய நேரம்.

"நானா, கால்மாட்டப் புடிங்க."

"நான் கைகால் கழுவி ஒழு எடுத்திட்டன். தொழப் பள்ளிக்குப் போறன்."

ஹிமாயா துணியின் இரண்டு முனையையும் பிடித்து இழுத்தாள். துணியோடு தோலும் வந்தது.