கொசு அக்காவின் நரம்பு

கொசு அக்கா என்று அவளுக்குப் பெயர் வைத்தது யார் என்று யாருக்கும் நினைவில்லை. அவள் ஊசி குத்தினால் கொசு கடித்த அளவுக்குத்தான் வலிக்கும் என்று யாரோ ஒரு நோயாளி சொல்லப்போய், ரத்தப் பரிசோதனைக் கூடம் முழுக்க அதுவே நிலைத்துவிட்டது. ஆரம்பத்தில் அவளுக்குக் கோபம்தான். உலகத்தில் எத்தனையோ ஜீவராசிகள் இருக்க, போயும் போயும் கொசுவா? ஆனால் பத்தொன்பது வருஷம் ஒரே நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றால் எந்தப் பெயரும் பழகிவிடும்.

சோதனைக் குழாய் கழுவும் வேலைக்கு வந்தவள் அவள். கழுவிக்கொண்டே வேடிக்கை பார்த்து, பிறகு முறையாகப் படித்து, வெள்ளைக் கோட்டு மாட்டினாள். கணவர் பஸ் டிப்போவில் மெக்கானிக். "நானும் ஆயில் எடுக்கிறேன், நீயும் எடுக்கிற. என் வண்டி கத்தாது, அவ்வளவுதான்" என்பார். இந்த நகைச்சுவையை அவள் வாரத்துக்கு ஒருமுறையாவது பொறுத்துக்கொண்டாக வேண்டும்.

அவளிடம் ஒரு தொழில் சூட்சுமம் இருந்தது. முகத்தைப் பார்க்க மாட்டாள், கையைத்தான் பார்ப்பாள். பயந்தவர்களின் நரம்பு உள்ளே போய் ஒளிந்துகொள்ளும். ரப்பர் பட்டையைக் கட்டி, கையை இறுக்கி மூடச் சொல்லி, ரத்தம் குழாயில் ஏறத் தொடங்கியதும் "இப்ப திறந்துடுங்க" என்பாள். பயம் தெளிந்தவர்கள் விரலை விரித்துவிடுவார்கள். தெளியாதவர்கள் "திறந்துட்டேனே" என்று சொல்லிக்கொண்டே இறுக்கிப் பிடித்திருப்பார்கள். கேட்டால் சத்தியம்கூடச் செய்வார்கள்.

அந்தக் கூடத்துக்கு எல்லா வகை மனிதர்களும் வருவார்கள். "செருப்பை வெளியே விடவும்" என்பதையே நான்கு மொழிகளில் எழுதி ஒட்டியிருந்தார்கள். நான்கு மொழிக்காரர்களும் ஒற்றுமையாகச் செருப்போடு உள்ளே வந்தார்கள். கொசு அக்கா குடியிருந்த கட்டடமும் அப்படித்தான். மாடிக்கு ஒரு பாஷை. சர்க்கரை தீர்ந்தால் எந்தக் கதவையும் தட்டுவாள். "எனக்கு வித்தியாசமெல்லாம் பாக்கத் தெரியாதுப்பா. எல்லார் ரத்தத்தையும் தினம் பாக்கறவ நான். ஒரே சிவப்புதான்" என்று அடிக்கடி சொல்வாள். சொல்லும்போதெல்லாம் அவளுக்கே லேசாகப் புல்லரிக்கும்.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் இரண்டாவது நாற்காலிக்குப் புதியவள் வந்தாள். கொசு அக்காவின் வயதுதான். வேறு இனம், வேறு நிறம், தூரத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம். அந்த ஊரில் அவர்கள் ஆட்கள் நிறைய இருந்தார்கள். ஆனால் பெரும்பாலும் மூட்டை தூக்குகிற, தரை துடைக்கிற இடங்களில். கையில் ஊசியோடு அவர்களில் ஒருத்தியை அந்தக் கூடத்தில் யாரும் பார்த்ததில்லை.

வேலையில் புதியவள் புலி. கைக்குழந்தையின் நூல் போன்ற நரம்பை ஒரே குத்தில் பிடித்ததைக் கொசு அக்கா கண்ணால் பார்த்தாள். தானாக இருந்தால் இரண்டு முறை குத்தியிருப்பாள். ஆனால் புதியவளின் நாற்காலி காலியாகவே கிடந்தது. டோக்கன் எண்ணைக் கூப்பிட்டாலும் யாரும் எழுந்திருக்கவில்லை.

"நான் நம்ம கொசு அக்காகிட்டயே எடுத்துக்கிறேன்" என்பார்கள். "உங்க கை ராசிம்மா."

கொசு அக்காவுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. மறுக்க முடியுமா? பத்தொன்பது வருஷத்துச் சம்பாத்தியம் அல்லவா அந்த ராசி. கால் கடுக்க நின்றாள், இருவர் வேலையை ஒருத்தியாகப் பார்த்தாள், உள்ளுக்குள் பூரித்தாள்.

அந்தப் பூரிப்பில் மண்ணைப் போட்டவர் ஒரு பெரியவர். ஊருக்கே புதுசு, மகள் வீட்டுக்கு வந்தவர், அந்தக் கூடத்தில் அதற்கு முன் கால் வைத்ததில்லை. அவரும் தன் முறையை விட்டுவிட்டு முக்கால் மணி நேரம் இவளுக்காக உட்கார்ந்திருந்தார்.

"ஐயா, அந்த நாற்காலி காலியாத்தானே இருக்கு. என் கை எப்படின்னே உங்களுக்குத் தெரியாதே, எதுக்குக் காத்திருந்தீங்க?"

"பாத்தாலே தெரியுதேம்மா" என்றார் பெரியவர் அன்பாக.

என்ன தெரிகிறது? அன்று கைகழுவும் இடத்துக் கண்ணாடியில் தன் முகத்தை வெகுநேரம் பார்த்தாள். அதில் ஊசி போடும் திறமை எதுவும் எழுதியிருக்கவில்லை. அப்படியானால் மற்றவர்கள் வந்ததும் இதற்குத்தானா? பத்தொன்பது வருஷமாகவா? நல்ல மனிதர்கள் எல்லோரும். அவள் மகளுக்குப் பரீட்சை என்றால் வாழ்த்துச் சொல்லிவிட்டுப் போகிறவர்கள்.

யோசிக்க ஆரம்பித்தால் அது ஓர் இடத்தில் நிற்கிற வஸ்துவா? புதியவள் மத்தியானம் பின்பக்கப் படிக்கட்டில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டாள். இங்கே வராதே என்று யாரும் சொல்லவில்லை. வா என்றும் யாரும் சொல்லவில்லை, இவள் உட்பட. தேநீருக்குப் பொதுக் கோப்பைகள் இருக்க, கொசு அக்கா வீட்டிலிருந்து தனக்கென ஒரு டம்ளர் கொண்டுவந்திருந்தாள். கோப்பையின் விளிம்பு உடைந்திருந்தது, அதனால்தான். உடைந்தது எப்போது? போன வருஷம். டம்ளர் கொண்டுவந்தது? இரண்டு மாதத்துக்கு முன். புதியவள் வந்து மூன்று மாதம் ஆகப்போகிறது. கணக்குச் சரியாகத்தான் வந்தது. அதுதான் அவளுக்குப் பிடிக்கவில்லை.

அந்த நேரம் பார்த்து மேற்பார்வை மேடம் கூப்பிட்டார்.

"அவங்க மூணு மாசம் முடியுது. நாற்காலி காலியாவே கிடக்கு. வச்சுக்கறதா, அனுப்பறதா? கூடவே நிக்கறவங்க நீங்க. உங்க ஒரு வார்த்தை போதும். வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லுங்க."

வச்சுக்கலாம் மேடம் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது, வெளியே வரவில்லை. "யோசிச்சு சொல்றேன்" என்றாள். ஏன் அப்படிச் சொன்னாள்? தன்னைவிடக் கெட்டிக்காரி என்ற பொறாமையா, இல்லை மற்றதா? பொறாமையாக இருந்தால் தேவலை என்று நினைத்தாள். பொறாமை எல்லோருக்கும் வருகிறது.

ராத்திரி கணவரிடம் கேட்டாள். "நான் வித்தியாசம் பாக்கறவளா?"

"நீயா? சேச்சே" என்று அவர் தூங்கிவிட்டார். அவரும் அந்த நல்ல மனிதர்களில் ஒருவர்தான்.

வெள்ளிக்கிழமை ஊழியர்களுக்கு வருஷாந்தர ரத்தப் பரிசோதனை. கொசு அக்கா ஒரு முடிவோடு வந்தாள். கூடம் நிறைந்திருக்கும் நேரமாகப் பார்த்து, நேராகப் போய்ப் புதியவளின் நாற்காலியில் உட்கார்ந்தாள். கொசு அக்காவே உட்கார்ந்துவிட்டால் ஜனங்கள் பின்னாலேயே வந்துவிடுவார்கள், பேச்சே வேண்டாம். தன் யோசனையை நினைத்து அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

"எங்கிட்டயா அக்கா?" என்றாள் புதியவள்.

"ஏன், எடுக்க மாட்டீங்களா?"

புதியவள் பட்டையைக் கட்டினாள். கொசு அக்காவின் இடது கை நரம்பு கயிறு மாதிரி எழுந்து நிற்கும். படிக்கிற பிள்ளைகளுக்கு அதைத்தான் காட்டுவார்கள். இன்றைக்கு அதைக் காணோம். புதியவள் தட்டினாள், தடவினாள், முழங்கையைத் தாழ்த்தினாள். எதிரே முப்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஊசி இறங்கியது. ரத்தம் வரவில்லை.

"பாத்தீங்களா, நான் சொல்லல?" என்றது ஒரு குரல். யாரோ சிரித்தார்கள். புதியவளின் நெற்றியில் வியர்வை துளிர்த்தது. ஊசியை எடுத்துப் பஞ்சை வைத்து அழுத்தினாள். வாசலில் மேற்பார்வை மேடம் நின்றிருந்தார்.

கொசு அக்கா மேடத்தையும் புதியவளையும் மாறி மாறிப் பார்த்தாள். உதவி செய்ய வந்தவள் அந்தப் பெண்ணின் பிழைப்பையே கவிழ்த்துவிட்டாளே. முப்பது பேருக்கும் ஊசி தவறியது தெரிந்தது, கை நரம்பை ஒளித்துக்கொண்டது தெரியவில்லை. அது தெரிந்தது இரண்டு பேருக்குத்தான்.

"மேடம்" என்றாள் சத்தமாக. "அவங்க ஊசியில தப்பில்ல. என் கைதான் பயந்து நரம்ப உள்ள இழுத்துக்கிச்சு. அவங்களப் பாத்துப் பயந்துருக்கு. அவங்க இருக்கட்டும், எழுதிக்குங்க."

மேடம் தலையாட்டிவிட்டு உள்ளே போனார். பிறகு அந்தப் பெரியவரின் வயதையொத்த ஓர் அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"என்ன பெரிய மனசு பாருங்க. அவ பண்ண தப்ப தன் தலையில போட்டுக்கிறாங்க."

"அதான் கொசு அக்கா" என்றார்கள் நாலைந்து பேர்.

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தாள். எப்படிச் சொல்வது? இதற்குமேல் எந்த வார்த்தையில் சொல்வது? உண்மையைச் சொன்னதற்குக் கிடைத்த பாராட்டை யாரிடம் போய்த் திருப்பிக் கொடுப்பது?

புதியவள் நன்றி சொல்லவில்லை. "இன்னும் ரத்தம் எடுக்கல அக்கா. அந்தக் கையைக் கொடுங்க" என்றாள்.

வலது கையில் பட்டை ஏறியது. கொசு அக்கா மூச்சை இழுத்து விட்டாள். இப்போது எல்லாம் சொல்லியாகிவிட்டது, பயப்பட என்ன இருக்கிறது? ஊசி இறங்கியதே தெரியவில்லை. கொசு கடித்த அளவுக்குக்கூட வலிக்கவில்லை. குழாயில் சிவப்பு ஏறியது.

"இப்ப திறந்துடுங்க அக்கா."

"திறந்துட்டேனே" என்றாள் கொசு அக்கா.

புதியவள் கீழே பார்த்தாள். கொசு அக்காவும் பார்த்தாள். ஐந்து விரல்களும் இறுக மூடியிருந்தன.